கொண்டை வேதாகமம்

"நான் களவெடுக்கேல்லை."

நாலாவது தடவையும் வாமதேவன் அதையேதான் சொன்னார். குரல் உயரவில்லை. பார்வை தன் சப்பாத்து நுனியை விட்டு நகரவில்லை.

"எடுக்கவில்லை என்கிறார்," என்று மிருணாளினி பிரெஞ்சில் சொன்னாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த போதகர் மதாம் வெர்னியே கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதினொரு வருடமாக இவர் என்னிடம் பிரெஞ்சில்தான் பேசுகிறார். குழாய் உடைந்தாலும் பிரெஞ்சு, பனி கொட்டினாலும் பிரெஞ்சு. இன்று காலை பத்தரை மணியிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. எல்லாம் தமிழ். அதனால்தான் உங்களை மொழிபெயர்க்க அழைத்தேன்."

"தெரு பூரா தமிழ்க்கடையா இருக்கிற லா ஷப்பல்ல தமிழ் பேசுனதுக்காக ஒருத்தர் மேல சந்தேகம் வர்றது இதான் முதல் தடவை," என்றது மிருணாளினியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"கனகராஜ், நீர் கொஞ்சம் வாயை மூடும்."

மிருணாளினி பதினைந்து வருடம் அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். மற்றவர்களுடைய பொய்யையும் உண்மையையும் ஒரே குரலில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நாற்பத்திரண்டாவது வயதில் உரிமம் எடுத்து, லூயி பிளாங் வீதியில் ஒரு சேலைக்கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் திறந்தாள். உதவியாளன் கனகராஜ் திண்டுக்கல்காரன். பிரெஞ்சு வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்க வந்தவன். மூன்றாம் வருடம் உதவித்தொகை நின்றுபோனது. அவனுடைய வாய் மட்டும் நிற்கவில்லை.

"வாமதேவன் அண்ணை," என்றாள் மிருணாளினி. "ஐஞ்சு மணிக்கு இவை பொலிசுக்கு அடிக்கப் போயினம். உங்கட பிரஜாவுரிமை, நசியோனலித்தே பேப்பர் இன்னும் பிரெபெக்த்தூர் கந்தோரிலை கிடக்கு எண்டு கேள்விப்பட்டன். பொலிசிலை ஒரு முறைப்பாடு விழுந்தால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை."

"தெரியும் தங்கச்சி."

"அப்ப சொல்லுங்கோ."

"சொல்லிப்போட்டன். களவெடுக்கேல்லை."

ஐம்பத்தேழு வயது. தினமும் புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருந்து முதல் ரயிலில் வந்து, இந்தப் புரட்டஸ்தாந்து ஆலயத்தின் கதவைத் திறந்து, நிலம் கழுவி, கொதிகலனைப் பார்த்து, மாலையில் பூட்டிப் போகிறவர். பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர்கள் தங்கள் ஆலயத்தைத் 'தாம்ப்ல்', அதாவது கோயில், என்றுதான் சொல்வார்கள். அதனால் வாமதேவன் ஊருக்குப் போன் எடுத்தால் கோயிலில் வேலை என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

காணாமல் போனது ஒரு புத்தகம். உள்ளங்கைக்குள் அடங்கும்.

*

ஆலயத்தின் பெரிய மண்டபத்தில் படம் இல்லை, சிலை இல்லை. வெள்ளைச் சுவர், உட்கார நீளமான மர வாங்குகள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட். வெல்வெட்டில் ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய அளவில் நீள்சதுரமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் வெள்ளைத் தூள்.

"இவ்வளவு சின்ன பைபிளோ?" என்று மிருணாளினி கேட்டாள்.

கனகராஜுக்கு மூன்று வருட ஆராய்ச்சி தொண்டையில் காத்துக்கொண்டிருந்தது. "சின்னதா அடிச்சதே ஒளிச்சு வைக்கத்தான் மேடம். ஆயிரத்து அறுநூத்தி எண்பத்தஞ்சுல பதினாலாம் லூயி ஒரே கையெழுத்துல இவங்க மதத்தையே தடை பண்ணிட்டான். ஆலயத்தையெல்லாம் இடிச்சாங்க. போதகருங்க ரெண்டே வாரத்துல நாட்டை விட்டு ஓடணும். மத்தவங்க ஓடவும் கூடாது. கத்தோலிக்கனா மாறிட்டேன்னு கையெழுத்துப் போடணும். போடாத வீட்டுக்குள்ள சிப்பாய்ங்களைக் கொண்டு வந்து குடி வச்சாங்க. சாப்பாடு, படுக்கை எல்லாம் அந்த வீட்டுக்காரன் தலையில. ராத்திரி பூரா தூங்க விடாம முரசு அடிக்கிறது. அப்போ பொம்பளைங்க இந்த மாதிரி பைபிளைக் கொண்டைக்குள்ள வச்சு முடிஞ்சுக்குவாங்க. சிப்பாய் வீட்டையே பிரிச்சுப் போட்டாலும் தலையை அவிழ்த்துப் பாக்க மாட்டான்ல."

"அவங்களுக்கு எங்கட ஊர் ஆமியைத் தெரியாது," என்றாள் மிருணாளினி. "சோதனைச் சாவடியிலை கொண்டையையும் அவிழ்த்துப் பாத்தவங்கள்."

 

"இந்த நூல் சுசான் என்ற பெண்ணுடையது," என்று ஒரு கம்பீரமான குரல் கேட்டது. கம்பளிக் கழுத்துத்துண்டை மடிப்புக் கலையாமல் சுற்றிய எழுபது வயது மனிதர் ஒருவர் வாங்குகளுக்கிடையில் நடந்து வந்தார். "சுசானின் கொழுந்தன் எத்தியேன் என் மூதாதை. கையெழுத்திட மறுத்து, அரசனின் கப்பலில் சங்கிலியில் கட்டுண்டு துடுப்பு வலித்து இறந்தவர். அதோ."

சுவரில் இருந்த ஒரே அலங்காரம் அதுதான்: ஒரு சலவைக்கல்லில் எத்தியேனின் பெயர்.

"முசியே ரொபேர், எங்கள் ஆலய சபையின் தலைவர்," என்றார் போதகர். "பெட்டிக்கு மூன்று சாவி. ஒன்று என்னிடம். காலையில் நான் எபினேயில் ஒரு அடக்க ஆராதனையில் இருந்தேன். ஒன்று இவரிடம். ஒன்று வாமதேவனிடம். பத்தரைக்கு முசியே ரொபேர்தான் பெட்டி வெறுமையாக இருந்ததைப் பார்த்தார்."

"வெறுமையாக இல்லை." ரொபேர் விரலால் தூளைச் சுட்டினார். "அவர்கள் நெற்றியில் பூசும் சாம்பல். கீழே கொதிகலன் அறையில் வாமதேவன் என்ன செய்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் காலையிலேயே பொலிஸைக் கூப்பிடச் சொன்னேன். இன்னும் நேரம் கடத்திக்கொண்டிருக்கிறோம்."

போதகர் சங்கடப்பட்டார். "கீழே ஒரு சிறிய யானைமுகக் கடவுள் இருக்கிறார். இரண்டு வருடமாக எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. இன்று அந்த அறையில் அலுமாரி, கருவிப்பெட்டி, குழாய்களின் பின்பக்கம் எல்லாம் தேடினேன். அவருடைய கடவுள்மேல் மட்டும் கை வைக்கவில்லை. அது சரியில்லை."

மிருணாளினி பெட்டியின் மேல் குனிந்தாள். வாமதேவன் காலையில் பூசிய திருநீறு இன்னும் மங்கலாக நெற்றியில் இருப்பதை அவளும் பார்த்திருந்தாள். ஆனால் தூள் முழுவதும் பள்ளத்துக்குள்ளேயே கிடந்தது.

"புத்தகத்தைத் தூக்கேக்கை கையிலை இருந்து கொட்டியிருந்தால் சுத்திவரக் கொட்டியிருக்கும்," என்று தமிழில் முணுமுணுத்தாள். "இது புத்தகம் போன பிறகு போட்டது."

போதகரும் ரொபேரும் பொலிஸ் விஷயத்தில் மறுபடி வாக்குவாதப்பட ஆரம்பித்த நேரம் பார்த்து, கனகராஜ் திறந்திருந்த பெட்டிக்குள் கைவிட்டு ஒரு சிட்டிகை தூளைக் கிள்ளினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த மேசைமேல் கையை இழுத்தான். நூல் பிடித்த மாதிரி நேராக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது.

அவன் கண்கள் அகலமாயின. "மேடம், திருநீறு இப்படி ஓடாது. விரல்ல ஒட்டும். இது நறநறன்னு கல்லு மாவு. வாசனையும் இல்ல. இது கோலமாவு!"

"சத்தம் போடாதையும்."

"ஒரு ஆளை மாட்டிவிடணும்னு திருநீறு வாங்கப் போயிருக்கான். தமிழ் படிக்கத் தெரியாம பக்கத்துல இருந்த பாக்கெட்டை எடுத்துட்டு வந்துட்டான். பரீட்சையில பக்கத்து பெஞ்சுப் பையனோட தப்பான பேப்பரைக் காப்பியடிச்ச கதை!"

மிருணாளினி வாசலருகே இருந்த துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள். கண்காட்சி அறிவிப்பு. அட்டையில் அந்தச் சின்ன வேதாகமத்தை ஏந்தியபடி ரொபேர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு வரி: நாளை காலை ஒன்பது மணிக்கு ஆராய்ச்சியாளர் வர்ஷினி நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் விசேஷ ஒளியில் படமெடுக்கிறார்.

"மதாம், எனக்கு ஐந்து மணிவரை நேரம் கொடுங்கள்."

"இன்னும் மூன்று மணி நேரமா?" என்று ரொபேர் வெடித்தார். "அதற்குள் அந்த நூல் எங்கே போகுமோ! யார் கையில் சிக்குமோ!"

"ஐந்து மணி," என்றார் போதகர்.

*

மாசி மழை சாய்வாக அடித்தது. போபூர் சென் தெனி வீதியில் குடைகள் ஒன்றோடொன்று மோதின. மரக்கறிப் பெட்டிகளை இறக்கும் வான்கள் நடைபாதையில் ஏறி நின்றன. மிருணாளினி குடை விரிக்காமல் நடந்தாள். கனகராஜ் அவளை எட்டிப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

"ஏன் மேடம் இவ்வளவு வேகம்? இன்னும் நேரம் இருக்கே."

"மனிசன் என்னட்டை எதையோ மறைக்கிறார். அதுதான் குடையுது."

"ரொபேரா?"

"இல்லை. வாமதேவன்."

முதல் கடையில் கோலமாவு என்றதும் கோதுமைமாவைக் காட்டினார்கள். இரண்டாவது கடையில் மார்கழிக்கு வரச் சொன்னார்கள். மூன்றாவது கோசலையின் கடை. கோசலை கல்லாவில் இருந்தபடியே போனில் யாருடனோ சண்டை பிடித்துக்கொண்டு, ஒரு வாடிக்கையாளருக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டு, இவர்களுக்குத் தலையாட்டினார்.

"கோலமாவோ? இருக்குது. ஆனா எங்கட சனம் உதைத் தேடி வாறேல்லை. உங்கட இந்தியாக் கொம்பியூட்டர் பிள்ளையள்தான் மார்கழியிலை வந்து அள்ளுங்கள். பிறகு பல்கனியிலை போட்டு, கீழ்வீட்டு மதாமிட்டை ஏச்சு வாங்குங்கள்."

"அந்த ஏச்சை நான் நேர்லயே வாங்கியிருக்கேன்க்கா," என்றான் கனகராஜ்.

"பொங்கலுக்குப் பிறகு ஆராவது வாங்கினவையோ?" என்று மிருணாளினி கேட்டாள்.

கோசலை போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஒரேயொரு ஆள். நேற்றுப் பொழுதுபடேக்கை. வெள்ளைக்காரன். சாமிச் சாமான் தட்டுக்கு முன்னாலை கனநேரம் நிண்டவர். நான் என்ன வேணும் எண்டு கேட்டன். ஒண்டுமில்லை, பாக்கிறன் எண்டார். பிறகு வீபூதிப் பக்கெட்டுக்குப் பக்கத்திலை கிடந்த கோலமாவைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சார். முசியே, இது நிலத்திலை போடுறது, வாயிலை வைச்சிடாதையுங்கோ எண்டன். ஓம் ஓம் எண்டு தலையாட்டினவர். ஒண்டும் விளங்கேல்லை போல."

மிருணாளினி துண்டுப்பிரசுரத்தைக் கல்லாமேல் வைத்தாள்.

கோசலை மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இவரேதான். கழுத்துத்துண்டும் அதேதான். என்ன, செத்துக்கித்துப் போனாரோ? மாவைத் திண்டவரோ?"

"இல்லை அக்கா. இன்னும் உயிரோடைதான் இருக்கிறார்."

வெளியே வந்ததும் கனகராஜ் மழையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். "கேஸ் முடிஞ்சது! பெட்டிக்குச் சாவி உண்டு, தூள் வாங்கினான், தூவினான். ஆனா ஏன்? அவனே அதைக் கையில ஏந்திப் போஸ் குடுத்துட்டு நிக்கிறானே?"

"ஏன் இண்டைக்கு?" என்றாள் மிருணாளினி. "அதைக் கேளும். பெட்டியிலை கனகாலமா இருந்த புத்தகம். நாளைக்குக் காலமை வர்ஷினி லைட்டோடை வரப் போறாள். இண்டைக்குக் காணேல்லை."

கனகராஜ் நின்றான். "அல்ட்ரா வயலட். அழிஞ்சுபோன பழைய மை அதுல தெரியும். அப்போ அந்த பைபிள்ல எதோ எழுதியிருக்கு, அது வெளிய வரக் கூடாது."

"வர்ஷினியைத் தெரியுமோ உமக்கு?"

"கோயம்புத்தூர்ப் பொண்ணு. பல்கனி கோலம் அவ போட்டதுதான்."

"போனைப் போடும்."

வர்ஷினி இரண்டே மணி அடிப்பில் எடுத்தாள். "இன்னைக்கேவா? கைல வச்சுக்கிற சின்ன லேம்ப் மட்டும்தான் இருக்கு மேடம். பெரிய கேமரா நாளைக்குத்தான் கிடைக்கும். ஓகேன்னா அஞ்சுக்குள்ள வந்துடறேன்."

*

நான்கு மணி இருபது நிமிடம். போதகரின் அறையில் ரொபேர் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மிருணாளினி கோலமாவுப் பக்கெட் ஒன்றை மேசையில் வைத்தாள். கோசலையிடம் வாங்கி வந்தது.

"இது சாம்பல் இல்லை, முசியே. எங்கள் ஆட்கள் வாசலில் கோலம் போடுகிற கல்மாவு. இதை யாரும் நெற்றியில் பூசுவதில்லை. நேற்று மாலை இதை வாங்கிய உங்களைக் கடைக்காரிக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாயில் வைக்க வேண்டாம் என்று உங்களிடம் சொன்னாராம்."

போதகர் மெல்லத் திரும்பி ரொபேரைப் பார்த்தார்.

ரொபேர் மறுக்கவில்லை.  "தூள் என்னுடையது," என்றார். "நூல் என்னிடம் இல்லை."

"அட, பாதி ஒப்புதல் வாக்குமூலம்!" என்றான் கனகராஜ் தமிழில்.

"நான் எடுக்கத்தான் வந்தேன். பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை!" அவர் குரல் உடைந்தது. "யாரோ எனக்கு முன்பே... அவராகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தூள் என் சட்டைப்பையில் இருந்தது. போட்டேன். உண்மைக்குக் கொஞ்சம் உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்."

"ஒரு அப்பாவி மனிதன் மீது!" போதகர் எழுந்துவிட்டார். "நூலை எங்கே வைத்தீர்கள், ரொபேர்?"

"சத்தியமாக என்னிடம் இல்லை!"

"எனக்கு நம்பிக்கை இல்லை," என்றார் போதகர்.

"எனக்கு இருக்கிறது," என்றாள் மிருணாளினி.

கனகராஜ் அவளைப் பார்த்தான். அவள் முகம் அவனுக்குப் பழக்கமில்லாத மாதிரி வெளிறியிருந்தது.

"புத்தகத்தைத் தன் வீட்டில் வைத்திருக்கிறவர் காலையிலிருந்து பொலிஸைக் கூப்பிடு என்று துடிக்க மாட்டார். யார் கையில் சிக்குமோ என்று பயப்படவும் மாட்டார். இவர் அதை உண்மையாகவே தேடுகிறார்." அவள் கதவைத் திறந்தாள். வெளியே வாங்கில் வாமதேவன் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார். அவள் அவருக்கு முன்னால் குந்தினாள்.

"அண்ணை, நான் உங்களுக்கு நாலு தரம் பிழை விட்டனான்."

வாமதேவன் அவளைப் பார்த்தார்.

"மதாம் உங்களிட்டை 'எடுத்தீங்களோ' எண்டு கேட்டவ. நீங்கள் 'களவெடுக்கேல்லை' எண்டு சொன்னீங்கள். நான் அதை 'எடுக்கேல்லை' எண்டு மாத்திச் சொல்லிப்போட்டன். பதினைஞ்சு வருசம் செய்த தொழில். ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சிட்டன். எடுக்கேல்லை எண்டு நீங்கள் ஒருக்காலும் சொல்லேல்லை."



"பிரெஞ்சிலை கேட்டா ஓமோ இல்லையோ எண்டு நேரை சொல்ல வேணும் தங்கச்சி," என்றார் வாமதேவன் மெதுவாக. "பதினொரு வருசம் சோறு போட்ட இடம். இதுக்குள்ளை நிண்டு பொய் சொல்ல மனம் வரேல்லை. அதுதான் தமிழுக்கு மாறினனான்."

"எங்கை வைச்சிருக்கிறியள்?"

அவர் எழுந்தார். "வாங்கோ."

*

கொதிகலன் அறையின் வெக்கையில் எல்லோருடைய கண்ணாடிகளிலும் ஆவி படிந்தது. குழாய்களுக்கு நடுவே ஒரு செங்கல் மேடை. அதில் ஒரு சாண் உயரத்தில் ஒரு கருங்கல் பிள்ளையார், ஒரு செவ்வரத்தம் பூ, பற்றரியில் எரியும் சின்ன விளக்கு. வாமதேவன் சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். பிள்ளையாரை இரண்டு கைகளாலும் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். கீழே செங்கற்களுக்கு நடுவே ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் தோய்த்துக் காயவைத்து மடித்த வெள்ளைத் துவாய்.

துவாய்க்குள் கொண்டை வேதாகமம்.

போதகரின் கை தானாக வாய்க்குப் போனது.

"இவ எல்லா இடமும் தேடுவா, சாமியிலை கை வைக்க மாட்டா எண்டு எனக்குத் தெரியும்," என்றார் வாமதேவன். மிருணாளினி இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் சொன்னாள். "அவ மரியாதை தெரிஞ்ச மனிசி. முசியே அருவருப்பிலை தொட மாட்டார்."

"ஏன்?" என்றார் போதகர். "ஏன் வாமதேவன்?"

"நேற்றுப் பின்னேரம் நாலு மணி. நான் யன்னல் துடைச்சுக்கொண்டு நிண்டனான். முசியே புத்தகத்தைத் திறந்து வைச்சு, முதல் பக்கத்தைச் சின்ன பிளேட்டாலை சுரண்டிக்கொண்டு நிண்டவர். என்னைக் கண்டதும் மூடிப்போட்டு, தூசி தட்டுறன் எண்டார். தூசியெண்டா எனக்குத் தெரியாதோ? மேசையிலை கிடந்தது கடுதாசித் தூள். நான்தானே துடைச்சனான். திரும்பவும் வருவார் எண்டு விளங்கிச்சுது. இண்டைக்கு ஏழு மணிக்கு வந்த உடனை எடுத்து இஞ்சை வைச்சன். நாளைக்கு அந்தப் பிள்ளை படம் எடுக்க வரேக்கை கையிலை குடுப்பம் எண்டு."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே!"

மொழிபெயர்ப்புக்கு வாமதேவன் காத்திருக்கவில்லை. "அவர் தலைவர். நான் நிலம் கழுவுறவன். ஆரை நம்பியிருப்பீங்கள்?"

மிருணாளினி அதைச் சொன்னாள்.  அந்தக் கேள்விக்குப் போதகருக்குப் பதில் தெரிந்திருந்தது. 

படிக்கட்டில் காலடிச் சத்தம். நனைந்த முதுகுப்பையோடு வர்ஷினி எட்டிப் பார்த்தாள். "மேல யாருமே இல்ல... ஐயோ, பிள்ளையார்! இங்கயா?" அவசரமாகச் செருப்பை உதறினாள்.

"லைட்டைக் குடும்மா," என்றான் கனகராஜ். "சாமி தரிசனம் அப்புறம்."

"வேண்டாம்," என்றார் ரொபேர். அது கட்டளையாக வரவில்லை. "என் அப்பா சாகும்போது சொன்னார். முதல் பக்கத்தை யாரையும் பார்க்க விடாதே என்று. அவருக்கு அவருடைய அப்பா சொன்னது. அதில் என்ன இருக்கிறதென்று முழுதாக எனக்கும் தெரியாது. மை மங்கிவிட்டது. எத்தியேன் என்ற பெயரும் 'கையெழுத்து' என்ற சொல்லும் மட்டும்தான் தெரிந்தன. அது போதுமானதாக இருந்தது."

போதகர் கையை நீட்டி விளக்குச் சுவிட்சை அணைத்தார்.

ஊதா ஒளியில் அந்தச் சின்னப் பக்கம் நீலமாகப் பளபளத்தது. சுரண்டிய இடம் பிரகாசமாகத் தெரிந்தது. ஆனால் பிளேட் முதல் வரியைத் தாண்டவில்லை; அதிலும் மை முழுதாகப் போகவில்லை. வரிகள் எல்லாம், எறும்பு ஊர்ந்த மாதிரி, கறுப்பாக எழும்பி வந்தன. கனகராஜ் முட்டி போட்டுக் குனிந்தான். பழைய பிரெஞ்சை எழுத்துக் கூட்டி வாசித்தான். மிருணாளினி வாமதேவனுக்காகத் தமிழில் சொன்னாள். அவசரப்படவில்லை.

"எத்தியேன் ஜனவரி மூன்றாம் நாள் கையெழுத்திட்டான். வீட்டில் ஒன்பது சிப்பாய்கள். நான்கு இரவு பிள்ளைகளைக்கூடத் தூங்க விடவில்லை. பெயர்கள் கேட்டார்கள். என் கணவன் தானியேலின் பெயரை அவன் சொன்னான். என் பெயரைச் சொல்லவில்லை. தானியேலைக் கப்பலுக்குக் கொண்டு போனார்கள். எத்தியேனை மன்னிக்க என்னால் முடியவில்லை. அவன் செத்த பிறகு அவனுடைய பிள்ளைகள் என் மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். சுசான்."

 கொதிகலன் எங்கோ உள்ளே ஒரு முறை பெருமூச்சு விட்டு அடங்கியது.

துடுப்பு வலித்துச் செத்தவன் தானியேல். சலவைக்கல்லில் இருந்தது எத்தியேன். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவனின் வம்சம் அண்ணனுடைய சாவைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதன் முன்னால் நிமிர்ந்து நின்றிருக்கிறது. கனகராஜ் இதைச் சொல்ல வாயெடுத்தான். ரொபேரின் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டான்.

ரொபேர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பயந்திருக்கிறான்," என்றார். "அவ்வளவுதான். நான்கு இரவு தூக்கமில்லாமல். என் வீட்டில் யாரும் அவன் பயந்தான் என்று சொல்லித் தந்ததே இல்லை."

போதகர் விளக்கைப் போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தைத் தாண்டி ஏழு நிமிடம்.

"பொலிஸுக்கு இப்போதும் அழைக்கலாம்," என்றார். "ஆனால் முறைப்பாடு செய்ய வேண்டியவர் நான் அல்ல. வாமதேவன், இவர் உங்கள்மீது பொய்த் தடயம் வைத்தார். நூலைச் சேதப்படுத்தினார். நூலைப் பற்றி சபை முடிவு செய்யும். மற்றது உங்களுடைய உரிமை. நீங்கள் என்ன சொன்னாலும் நான் சாட்சியாக வருவேன். எழுத்திலும் தருவேன்."

மிருணாளினி அதைத் தமிழில் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வாமதேவன் பிள்ளையாரைத் தூக்கி மறுபடி செங்கல்மேல் வைத்தார். சாய்ந்திருந்த பூவை நேராக்கினார். பிறகு ரொபேரை நேருக்கு நேர் பார்த்தார். காலையிலிருந்து அவர் யாரையும் அப்படிப் பார்க்கவில்லை.

"இண்டைக்கு நாள் முழுக்க அந்த வாங்கிலை இருந்தனான். என்ரை மனிசி ஆறு தரம் போன் அடிச்சிட்டா. என்ன சொல்லுறதெண்டு தெரியாமல் நான் எடுக்கேல்லை. முதல்லை அவவோடை கதைக்க வேணும். பிறகு யோசிப்பன்."

சப்பாத்தையும் கோட்டையும் மாட்டிக்கொண்டார். தொப்பியைப் போட்டார். சாவிக்கொத்தை எடுத்துப் போதகரின் கையில் வைத்தார். "இன்று நீங்கள் பூட்டுங்கள் மதாம்," என்றார் பிரெஞ்சில். போதகர் தலையாட்டினார். வாமதேவன் படியேறிப் போனார். மேலே கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது.

வர்ஷினி புத்தகத்தைத் துவாயோடு சேர்த்துத் தகரத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். கனகராஜ் அவளுக்கு வெளிச்சம் பிடித்தான். மிருணாளினி படிக்கட்டில் கால் வைத்தபோது ரொபேர் அவள் கையைத் தொட்டார். பிறகு தொட்டதற்காக வெட்கப்பட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார்.

"மதாம், அவர் போகும் முன் தமிழில் என்ன சொன்னார்? முறைப்பாடு செய்வாரா? மன்னிப்பாரா? உங்களுக்கு அவர்களைத் தெரியுமே. எப்படி முடிவெடுப்பார்?"

"மனைவியோடு பேசிவிட்டு யோசிப்பதாகச் சொன்னார்."

"அது எனக்குப் போதாதே. இரவு முழுவதும் நான் எப்படி..."

மிருணாளினி அவரைப் பார்த்தாள். எழுபது வயது முகத்தில் முதல் தடவையாக ஒரு பிள்ளையின் பயம் தெரிந்தது. அவளுக்கு இரக்கம் வந்தது. ஆனால் அவள் தன்னுடைய இரக்கத்தை இன்னொருவர் வாயில் வைத்துச் சொல்ல ஆயத்தமாக இல்லை.

"அவர் இன்னும் சொல்லவில்லை, முசியே," என்றாள். படியேறி மழைக்குள் போனாள்.